விறகுக் கட்டு இறங்கிய மலை

திருவண்ணாமலை என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவன கோபுரங்களும், கார்த்திகைத் தீபமும், பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் சுற்றி வரும் மக்கள் வெள்ளமுமாகவே இருக்கும். அம்மலையடிவாரத்து முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்த எனக்கோ, அது விறகு வந்த இடம்.

1980களின் நடுவில் நான் சிறுவன். சுபுஹுத் தொழுகை முடித்துத் தந்தையார் திரும்பும் வேளையில், தலைச்சுமையாய் விறகு சுமந்த பெண்கள் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். பாட்டியார் வாசலில் நின்று பேரம் பேசுவார். பெருநாள் பிரியாணித் தேக்சாவுக்கு ஒரு கட்டு போதாது, மூன்று வேண்டும். அவ்விறகுகள் விரல் பருமனே இருந்தன. பருத்த மரம் மலையில் மிச்சமில்லை என்பதை அவையே சொல்லிக்கொண்டிருந்தன. எங்களுக்கு அது உறைக்கவில்லை. 800 மீட்டர் உயர மலை, பாறையும் முட்புதரும் காய்ந்த புல்லுமாய்க் கிடந்தது. கோடை இரவுகளில் அப்புல் தீப்பற்றிச் சரிவில் வளைந்து ஏறும். மாடியில் பாய் விரித்து, அதை வேடிக்கை பார்த்தபடியே உறங்கியிருக்கிறோம்.

சளி பிடித்தால் தைல மரத்து இலையைக் கசக்கி முகரச் சொல்வார்கள். அம்மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதைக் கல்லூரியில் படிக்கும்போதுதான் அறிந்தேன். விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் சமவெளியிலும் பரவிய மரம் அது. அதே நாட்டிலிருந்து இவ்வூருக்கு வந்து, ரமணாசிரமத்தை அடுத்து வாழ்ந்த அபீதா அருணகிரி என்னும் பெண்மணி, மொட்டையாய் நின்ற இம்மலையைக் கண்டு வருந்தி, 1987இல் தம் தாயகத்து மழைக்காட்டுத் தகவல் மையத்திற்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்த ஜான் சீட் என்பவர் உதவிக்கு வந்தார். ஆஸ்திரேலிய அரசின் நிதியும் கிடைத்தது. கோயிலின் மதில்களுக்கு இடையே பாழாய்க் கிடந்த நிலம் நாற்றங்காலாயிற்று. அவர்கள் வளர்த்தவை தம் நாட்டுத் தைல மரங்களல்ல; நம் மண்ணுக்குரிய மரங்கள். பிற்காலத்தில் 'ஃபாரஸ்ட் வே' போன்ற அமைப்புகளும் ஆண்டுதோறும் கன்று நட்டு, கோடையில் புல்லை அகற்றித் தீத்தடுப்புப் பாதை அமைத்து வருகின்றன. வீடுதோறும் வந்த எரிவாயு உருளைக்கும் இதில் பங்குண்டு என்பது என் எண்ணம். அந்த விறகுப் பெண்கள் பிறகு என்ன பிழைப்புக்குப் போனார்கள் என்று நாங்கள் எவரும் கேட்டதில்லை.

இன்று நீங்கள் வந்து பாருங்கள். மழைக்காலத்தில் மலையின் பாதி பச்சை போர்த்து நிற்கும். விடியலில் மயில் அகவும். சாலையோர வேலிக்கு அப்பால் புள்ளிமான்கள் தலைநிமிர்ந்து நோக்கும். நாம் வணங்குவது மலையைப் படைத்தவனை மட்டுமே. ஆயினும் நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் நட்டவருக்குத் தருமமாகும் என்னும் கருத்துடைய நபிமொழியை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம், என் பார்வை சன்னல் வழியே அம்மலையின் மீதே செல்கிறது. நாங்கள் எரித்தோம், வேறு யாரோ நட்டார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் இவ்வூரில் மழை விடவேயில்லை. மாலையில் வ.உ.சி. நகரின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து, எழுவர் புதையுண்டு இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். மதரஸா மீண்டும் திறந்த நாளில் ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், மரம் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்றீர்களே?" என்று கேட்டான்.

வேர் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆயினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு, ஒரே நாளில் கொட்டிய பெருமழையைச் செங்குத்தான சரிவு தாங்காது, அச்சரிவின் காலடியில் வீடு கட்டி வாழ வேண்டிய நிலை ஏழைகளுக்கு என்றெல்லாம் சொன்னேன். அவன் தலையசைத்தான், அமரவில்லை. இறந்தவர்களில் ஒரு பிள்ளையை அவனுக்குத் தெரியுமாம்.

அவ்வாரம் கபரஸ்தான் மதிலோரம் மாணவர்கள் நட்ட புங்கங்கன்றுகளில் நான்கை ஆடு மேய்ந்துவிட்டது. எஞ்சியவற்றுக்கு முள்வேலி கட்டியிருக்கிறோம். அஸர் தொழுகைக்குப் பின் நீர் ஊற்றும் முறை இவ்வாரம் அம்மாணவனுடையது.