பழமைப் பந்தயம்

விடுமுறை ஓய்வுக்குரியது என்பர் பெரியோர். பேராதனை மாணவர்களாகிய எங்களுக்கோ அது விளையாட்டுக்குரியது. தவணை முடிந்த மறுநாள் நண்பர் நால்வர் கூடிப் பந்தயமொன்று வகுத்தோம். கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மனிதர் கைபட்டு உருவானவற்றுள் மிகப் பழையதைக் காட்டுபவருக்கு ஏனையோர் இரவுணவு வாங்கித் தரல் வேண்டும் என்பதே அது.

கண்டிமாநகரிற் பழமையைத் தேடுதல் எளிதன்று. அது இரைச்சலுக்குள் ஒளிந்திருப்பது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்கள் முட்டிக்கொள்வனபோல நெருங்கி நிற்கும். நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களை ஒரே மூச்சிற் கூவுவர். கச்சான் விற்போரும், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்போரும், வெண்ணிற ஆடையணிந்து தலதா மாளிகைக்குப் பூக்கொண்டு செல்வோரும், படமெடுக்கும் உல்லாசப் பிரயாணிகளும் ஒரே கடவையில் ஒருவரையொருவர் இடித்து நடப்பர்.

முதல் நண்பன் அதிகம் அலையவில்லை. மாளிகைக்கு முன்னுள்ள வாவியைக் காட்டினான். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்தது அது. இரண்டாமவன் நகைத்தவாறே எங்களை இலங்காதிலகத்துக்கு இழுத்துச் சென்றான். 1344இல் எழுந்த அவ்விகாரைப் பாறையிற் சிங்களக் கல்வெட்டுடன் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்திய நம் மொழியை அங்கு கண்டபோது, பந்தயம் முடிந்ததென்றே எண்ணினோம்.

மூன்றாமவன் மெய்யியல் பயில்பவன், எளிதில் விடுவானா? கடுகண்ணாவைக் கணவாய்க்கு அழைத்துச் சென்று, கொழும்பு வீதிக்காகத் துளைக்கப்பட்ட பாறையைக் காட்டி, "இதனிலும் பழையது எது?" என்றான். பாறை மனிதர் ஆக்கியதன்று, துளையே அவர்கள் ஆக்கியது என்று மறுத்தோம். "துளை என்பது பாறை இல்லாமை. இல்லாத ஒன்றுக்கு வயது கூறுதல் எங்ஙனம்?" என்று அவன் வாதிட்டான். வீதியோரத்தில் அரைமணி நேரம் நடந்த அவ்வழக்கைக் கேட்டுத் தேநீர்க் கடைக்காரரும் சிரித்தார்.

என் முறை வந்தது. அருகே டோசன் கோபுரம் உயர்ந்து நின்றது. அவ்வீதியை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இற் கோபுரம் எழுந்தது. அதே 1832இலேதான் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரிற் சிறையிருந்து மறைந்தான். நிலமுடையோர் அரசனுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்த இராசகாரியம் என்னும் ஊழியமும் அவ்வாண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மன்னனின் வாவியை வெட்டியதும் அவ்வூழியமே. 1815இல் அவனை வீழ்த்தியவர்களின் வீதிக்குக் கல்லுடைத்ததும் அவ்வூழியமே. அரசு மாறிற்று, கொடி மாறிற்று. மண்வெட்டி பிடித்த கை மாறவில்லை. வாவிக்கு மன்னன் பெயர் உண்டு. வீதிக்குக் கப்டன் பெயர் உண்டு. காய்ச்சலிலும் மழையிலும் உழைத்தோர் பெயர் எக்கல்லிலும் இல்லை.

ஆகவே, "நான் காட்டுவது இராசகாரியம். வாவியினும் வீதியினும் பழையது, மனிதர் ஆக்கியதுமாகும்" என்றேன். நண்பர்கள் சிறிது நேரம் வாளாவிருந்தனர். பின்னர், தொட்டுக் காட்ட இயலாததற்குப் பரிசில்லை என்று தீர்ப்பளித்தனர். நான் அவர்களைத் துளைக்குள் அழைத்துச் சென்று, அதன் கரடுமுரடான சுவரிற் கைவைக்கச் சொன்னேன். கை வைத்தனர், ஆயினும் தீர்ப்பு மாறவில்லை. இலங்காதிலகமே வென்றது.

அன்றிரவு என் பங்குக் காசை மகிழ்வுடன் கொடுத்தேன். தமிழ்க் கல்வெட்டுக்குத் தோற்பதிற் குறையொன்றுமில்லை. எனினும் கல்வெட்டு, பெயருடையோர் பேசுவது. பெயரற்றோர் விட்டுச்சென்றது அத்துளை. கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் கடுகண்ணாவையிற் சற்றே இறங்கி, கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தபின் அச்சுவரையும் ஒருமுறை தொட்டுச் செல்வாராக.