சாயம் காணாது

எனக்கு ஊவாத் தேயிலை பிடிக்காது. தேயிலையைச் சுவைத்துப் பிழைக்கிற ஒருவன் இதை எழுத்தில் வைப்பது கொஞ்சம் துணிச்சல்தான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த கச்சானாக மலையின் மறுபக்கம் இறங்கும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் அப்போது கொழுந்து மெல்லத்தான் வளரும், செடி திணறும். அந்தத் திணறலில் இலையில் கூடிவிடும் வாசனைப் பொருள்களில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். தலையிடிக்குப் பூசும் பாம் போத்தலைத் திறந்ததும் மூக்கில் ஏறுவதும் அதே பொருள்தான். ஜேர்மனியிலும் யப்பானிலும் இந்த மணத்துக்காகவே காத்திருந்து விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சளிக்காய்ச்சலின் மணம். அதற்குமேல் அந்தக் கோப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்க நாக்கு மறுக்கிறது.

இதற்கு நேரெதிர்த் திசையிலும் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு: காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தூள். கடும் சாயம், தடித்த திரவம், நாக்கில் படிந்து விலகாத கனம். நான் வெள்ளவத்தை வீட்டில் குடிப்பது நுவரெலியாத் தேயிலை. பாலில்லை, சீனியில்லை, கோப்பையின் அடி தெரியும். அப்படிப்பட்டவனுக்கு வேலை கிடைத்ததோ புறக்கோட்டையில், ஒரு மொத்தத் தேயிலைக் கடையின் மேல்மாடியில். அங்கே அதிகம் விற்பது தூள். எனக்குப் பிடிக்காததை நன்றாகத் தெரிந்து வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மூடிபோட்ட வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக நிற்கும், பக்கத்தில் கிண்ணங்கள். ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிறுத்துப் போட்டு, கொதித்தவுடன் தண்ணீரை ஊற்றி, ஐந்து ஆறு நிமிடம் விடுவோம். ஐந்தானாலும் ஆறானாலும் வரிசை முழுவதற்கும் ஒரே நேரம். பிறகு சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, வெந்த இலையை மூடியின்மேல் கவிழ்ப்போம். காய்ந்த இலை, வெந்த இலை, திரவம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மாதிரியைப் பார்த்ததாகும். கரண்டியால் எடுத்துச் சத்தம் போட்டு உறிஞ்சுவது நாகரிகக் குறைவால் அல்ல. காற்றோடு கலந்து மேலே போனால்தான் மூக்கின் உட்புறத்துக்கு மணம் எட்டும். அப்புறம் துப்பிவிட்டு அடுத்த கிண்ணம்.

இதே காரியத்துக்குப் பிரித்தானியர் 1980இல் ஒரு நியமமே வெளியிட்டார்கள். பிஎஸ் 6008 என்று பெயர், ஆறு பக்கம். 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், ஆறு நிமிடம் என்று எழுதிவைத்திருக்கிற அந்தப் பத்திரத்துக்கு 1999இல் இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசு, அதாவது கேலி நோபல், கிடைத்தது. சிரிக்க வேண்டிய விசயந்தான். ஆனால் அந்த நியமம் நல்ல தேத்தண்ணி போடுவது எப்படி என்று சொல்லவில்லை. ஆறு நிமிடம் ஊறிய சாயத்தை விரும்பிக் குடிப்பவர் குறைவு, வாய் கைக்கும். குறை இருந்தால் ஒளிய இடமில்லாமல் செய்வதற்கும், ஒன்றை இன்னொன்றோடு நியாயமாக வைத்துப் பார்ப்பதற்கும்தான் அது. என் விருப்பத்துக்கு அந்த மேசையில் முதல் படியிலேயே கதவடைத்தாகிவிட்டது. எனக்குப் பிடித்த நுவரெலியாவும் அங்கே எனக்குப் பிடித்தமாதிரி வராது.

கதவடைத்தால் ஜன்னலால் வரும். பிடிக்காமை ஒருபோதும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. குறையின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு வரும். தாழ்நிலத் தூளை உறிஞ்சியதும் கை தானாக ‘மந்தம்’ என்றோ ‘முரடு’ என்றோ எழுதப் போகும். மந்தம் என்பது தொழிலில் ஒரு குறை: இலை அளவுக்கு மிஞ்சிப் புளித்துவிட்டது, அல்லது உலர்த்தும்போது வெப்பம் பிழைத்துவிட்டது என்று பொருள். அந்த மாதிரி அப்படியா? பெரும்பாலும் இல்லை. கனமாக இருக்க வேண்டிய ஒன்று கனமாக இருக்கிறது, எனக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். நான் ‘மந்தம்’ என்று எழுதினால் தெனியாயவில் ஒரு தொழிற்சாலைக்காரர் இல்லாத பிழையைத் தேடி உலர்த்தியைக் கழற்றிப் பார்ப்பார்.

அதனால் குறை எழுதும்போது எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒரு விதி: அது எந்தக் கட்டத்தில், எதனால் வந்தது என்று சொல்ல முடிந்தால் மட்டுமே எழுதலாம். புகைவாடை என்றால் உலர்த்தியின் அடுப்பிலிருந்து எங்கோ கசிவு. கருகல் என்றால் வெப்பம் கூடியிருக்கிறது. சாக்குவாடை என்றால் பொதி வைத்த இடம் சரியில்லை. பழவாசம் என்று கேட்டால் வெளியாட்கள் பாராட்டு என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது புளிக்க வைக்கும் தரையிலோ மேசையிலோ பற்றீரியா சேர்ந்துவிட்டதன் அறிகுறி. காரணம் சொல்ல முடியாத வெறுப்பை மதிப்புச் சீட்டில் எழுதுவதில்லை.

காரணம் சொல்ல முடிந்தாலும் போதாது, இன்னொன்றும் கேட்க வேண்டும். சீனாவின் பூஜியன் மாகாணத்து லப்சங் சூசொங்கில் பைன் விறகின் புகையை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். இரத்தினபுரித் தேயிலையில் அந்தப் புகை வந்தால் விலை விழும். லப்சங்கில் வராவிட்டால் விழும். செய்தவர் எதைச் செய்ய நினைத்தார் என்று தெரியாமல் புகையைக் குறை என்றும் சொல்ல முடியாது, குணம் என்றும் சொல்ல முடியாது.

கொழும்பு ஏலம் இதைப் பழகிக்கொண்டு வெகுகாலம். 1883 ஜூலை 30இல் கோட்டையில் சமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் முதல் ஏலம் நடந்தது. இன்று செவ்வாய் புதன்களில் நடக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தோடு கூச்சல் போய் எல்லாம் கணினித் திரைக்கு வந்துவிட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்தால் 2,000 அடிக்குக் கீழே தாழ்நிலம், 4,000 வரை இடைநிலம், அதற்கு மேலே உயர்நிலம் என்று பிரித்திருப்பார்கள். தாழ்நிலத்துக்குள்ளேயே நீள இலைக்கு ஒரு பட்டியல், மொட்டு கலந்ததற்கு ஒன்று; தூளுக்கும் தனியாக ஒன்று. நுவரெலியாவும் மாத்தறையும் ஒரே பந்தியில் உட்காருவதில்லை. வியாபார வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் என் போன்றவர்களின் நாக்கிலிருந்து தேயிலையைக் காப்பாற்றுவதும் அதுதான். மெல்லிய திரவத்தை உறிஞ்சிய வாயோடு உடனே தூளுக்குப் போனால் எந்தத் தூளும் முரடாகத்தான் இருக்கும். ஆகவே தூள் வரிசையை நான் தனியாகவே வைப்பேன், அதுவும் காலையில், வாய் களைப்பதற்கு முன்பு. பிடிக்காததைக் கடைசிக்குத் தள்ளுவது மனித சுபாவம். கடைசியில் வருவதற்கு நியாயம் கிடைப்பதில்லை.

பியர் உலகத்தில் இதையே இன்னும் வெளிப்படையாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பியர் நடுவர்களுக்கான சான்றிதழ்த் திட்டத்தில் ஐம்பது புள்ளிகளுக்கு மதிப்பிடுவார்கள். ஒவ்வொரு வகைக்கும் நிறம், மணம், கசப்பு, கனம் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரணையும் உண்டு. புளிப்பான பியரை வாயில் வைக்க முடியாத நடுவரும் அந்த விவரணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புளிப்புப் பியருக்குப் புள்ளி போடலாம். வகை பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய எழுத்தாளருக்குப் பெரிய பங்கு உண்டு (பாட்டுக்காரர் அல்ல, இவர் வேறு). நுவரெலியாவில் தொடங்கி இப்போது பியகமவில் வடிக்கப்படும் எங்கள் லயன் ஸ்டவுட்டை வெளியுலகுக்கு அடையாளம் காட்டியவரும் அவரே. வெயில் நாட்டில் தார் நிறத்தில் இவ்வளவு கடுமையான பியர் எதற்கு என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டவுட் என்ற வகைக்குள் இது எங்கே நிற்கிறது என்று பார்த்தார்.

ஆனால் விவரணை எல்லா வழக்கையும் தீர்த்துவிடாது. 2004இல் பிரான்சின் ஷத்தோ பவி என்ற வைனின் 2003ஆம் ஆண்டுச் சரக்குக்கு அமெரிக்கர் ரொபர்ட் பார்க்கர் மிக உயர்ந்த புள்ளி கொடுத்தார். இங்கிலாந்தின் ஜான்சிஸ் ராபின்சன் இருபதுக்குப் பன்னிரண்டு போட்டார். இரண்டு பேருமே நாக்குத் தெரிந்தவர்கள். சண்டை இனிப்பும் கனமும் கூடிய அந்த வைன் அந்த ஊர் வைனாகுமா என்பதில் இருந்தது. வகையின் எல்லையையே யார் வரைவது என்ற இடத்துக்கு வந்துவிட்டால் எந்தச் சீட்டும் உதவாது.

புறக்கோட்டையில் எல்லையை வரைகிறவர்கள் தேத்தண்ணிக் கடைக்காரர்கள். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் பருப்பும் மூட்டை மூட்டையாக இறங்குகிற நேரத்தில் நாட்டாமிமார் ஒரு கையால் துவாயை உதறிக்கொண்டே நின்ற நிலையில் குடித்துவிட்டுப் போகிற தேத்தண்ணி அது. சீனி தாராளம், பாலும் உண்டு. வடியில் தூளைப் போட்டால் அதை மாற்றாமல் எத்தனை கோப்பை இழுக்கலாம் என்பதில்தான் கடைக்காரருக்கு லாபம். எங்களிடம் வாங்குகிற ஒரு நானா, நான் கொஞ்சம் உயர்நிலம் சேர்த்துக் கலந்துகொடுத்த தூளைப் பற்றிச் சொன்னார்: “தம்பி, வாசம் நல்லாத்தான் ஈக்கி. ஆனா சாயம் காணாது.” வேறு விமரிசனம் தேவையில்லை. என் நுவரெலியாவை அந்தக் கடையின் பாலிலும் சீனியிலும் போட்டால் அது இருந்த இடமே தெரியாது.

அதன் பிறகு தூள் வரிசைக்குப் பால் ஊற்றாமல் விலை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பால் ஊற்றுகிறபோதுதான் தூளின் உள் விசயம் வெளியே வரும். தியாபிளேவின் என்ற பொருள் நன்றாக உண்டான தூள் பாலோடு சேர்ந்து செம்பொன்னாகத் துலங்கும். புளிக்க வைத்தது பிழைத்திருந்தால் சாம்பல் பாயும். வெறும் சாயமாகப் பார்க்கும்போது இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும். ஆறிய பின் கிண்ணத்தில் ஆடைபோலக் கலங்கினால் அதுவும் நல்லதற்கு அடையாளம்: கஃபீனும் தியாபிளேவினும் சேர்ந்து திரள்கின்றன. இவ்வளவையும் படித்த பிறகும் எனக்குத் தூள் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காத தூளுக்குள் நல்ல தூள் எது, கெட்ட தூள் எது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவேன். அந்தக் கடைக்காரருக்கு என்னிடம் வேண்டியதும் அவ்வளவுதான்.

உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது பிடித்த வகை. தூளென்றால் நான் விழிப்பாக இருக்கிறேன். எழுதும் ஒவ்வொரு குறையையும் இரண்டாம் தரம் கேட்கிறேன். ஜனவரி, பெப்ரவரியில் திம்புள்ளைப் பருவத் தேயிலை வரும்போது இந்தக் கேள்விகள் எதுவும் எழுவதில்லை. மணம் மூக்கில் ஏறிய உடனேயே மனம் விலையைக் கூட்டிவிடுகிறது. வெந்த இலை ஒரு சீராக இல்லை, கொஞ்சம் பச்சையாக நிற்கிறது என்பதைக் கண் பார்த்தும் பாராமல் போகிறது. வேலை பழக வரும் பெடியன்களிடம் பிடிக்காததைப் பற்றி எச்சரித்தால் உடனே தலையாட்டுகிறார்கள். பிடித்ததைப் பற்றி எச்சரித்தால் என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். மேசையில் பெயரை மறைத்து வெறும் இலக்கத்தை மட்டும் வைப்பது நான் வெறுப்பதற்காக என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் நேசிக்கும் தோட்டங்களுக்காகத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

நியாயம் என்ற பெயரில் எதையும் விழுங்கிவிடுவதும் கூடாது. தாழ்நிலத்தில் நீண்ட, கறுத்த, பளபளத்த இலைக்கு ஈராக்கிலும் வளைகுடாவிலும் நல்ல கிராக்கி. அங்கே கோப்பையைவிட இலையின் தோற்றத்துக்கு மதிப்பு. அது அவர்கள் விருப்பம், அதற்கேற்ப விலை எழுதுவேன். ஆனால் அந்தக் கறுப்பையும் பளபளப்பையும் நிறையையும் கூட்டுவதற்காகச் சிலர் உருட்டும்போதே சீனி சேர்க்கிறார்கள். சட்டப்படி குற்றம். அதை ‘வகையின் இயல்பு’ என்று மன்னிக்கிற நடுவர் வேலையை நான் ஏற்கவில்லை. இலை விரலில் பிசுபிசுத்தால் மாதிரி மேசைக்கே வராது.

குற்றம் இல்லாத இடத்திலும் எனக்கு ஒரு வழக்கு மிச்சம் இருக்கிறது. இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் இன்று தாழ்நிலந்தான். சிறு தோட்டக்காரர்களின் கொழுந்து, அவர்களின் பிழைப்பு. அவர்களைக் குறை சொல்ல நான் யார். ஆனால் கறுப்பும் கனமும்தான் தேயிலை என்று ஊரே பழகிவிட்டது, மலையில் விளைகிற மெல்லிய கோப்பையை இந்த ஊர்க்காரர்களே குடித்துப் பார்த்ததில்லை என்பது எனக்குப் பிடிக்கவில்லை. இது விலைச் சீட்டில் எழுதக்கூடிய குறை அல்ல, ஆகவே எழுதுவதில்லை. யாராவது உங்களுக்கு எது விருப்பம் என்று கேட்டால் வாயால் சொல்வேன், ஒரு பொட்டலம் கட்டியும் கொடுப்பேன். சென்ற வருடம் கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் ஒருவர் கேட்டார். பொறுமையாகக் கேட்டு, ஊற்றிக் கொடுத்த கோப்பையையும் குடித்து முடித்துவிட்டு, “நல்லா இருக்கு ஐயா” என்றார். பிறகு ஐம்பது கிலோ தூளுக்குக் காசு கட்டிவிட்டுப் போனார்.