வரிசையும் மறுப்பும்

வேகம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு விநாடியில் எவ்வளவு போகிறது என்பது ஒன்று. புறப்பட்டது போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பது மற்றொன்று. தண்ணீர் லாரி பெரியதாக இருப்பதற்கும் அது நேரத்துக்கு வருவதற்கும் சம்பந்தமில்லை என்பது குடத்தோடு நிற்கிறவர்களுக்குத் தெரியும். இணைய இணைப்பை விற்கிறவர்கள் முதலாவதை மாத்திரம் எண்ணாக்கி விற்கிறார்கள். ஆனால் 'நெட் ஸ்லோ' என்று வீடுகளில் எழும் கூக்குரல்களில் பெரும்பாலானவை இரண்டாவதைப் பற்றியவை என்று எனக்குப் படுகிறது.

இலக்கியப் பத்திரிகையில் ரௌட்டரைப் பற்றி எழுதுவதற்குச் சமாதானம் சொல்லவேண்டியதில்லை. யந்திரம் என்றாலே மனிதனை விழுங்க வரும் பூதம் என்று எழுதிப் பழகிவிட்டது நம் புதுக்கவிதை. ஒரு யந்திரத்தின் மூடியைத் திறந்து அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பொறுமை அதற்கு இருந்ததில்லை. இங்கே நான் சொல்ல வருவது வீட்டு இணைப்பில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது பற்றியது. அதில் விமர்சகனுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

2020, 2021 வருஷங்களில் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது பழைய டெலிபோன் செம்புக் கம்பி. அதில் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் மனிதக் குரல் அடங்கிவிடும். அதற்கு மேல் காலியாகக் கிடந்த இடத்தில் டி.எஸ்.எல். குடியேறியது. வீட்டிலிருந்து வெளியே போக ஏறத்தாழ 25-லிருந்து 138 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு சந்து. வெளியிலிருந்து உள்ளே வர, அதற்கு மேல் 1104 வரை, பிந்திய ரகங்களில் 2208 வரை, ஒரு ராஜபாட்டை. எங்களுக்கு உள்ளே வருவது விநாடிக்கு 8 மெகாபிட். வெளியே போவது 512 கிலோபிட். இந்த ஏற்பாட்டில் ஒரு மனோபாவம் ஒளிந்திருக்கிறது. கம்பி வழியே வீட்டுக்குச் சினிமா அனுப்பும் யோசனையிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது. வீடு நிறையக் கேட்கும், கொஞ்சமாகப் பேசும் என்பது அதன் அனுமானம்.

அந்த வருஷங்களில் வீடு பேச ஆரம்பித்துவிட்டது. அக்கா மகளுக்குக் கல்லூரி வகுப்பு வீட்டுக் கூடத்தில் நடந்தது. எல்லோருடைய போன்களும் எடுத்த படங்களைத் தாமாகவே எங்கோ ஏற்றிக்கொண்டிருந்தன. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவனோடு முகம் பார்த்துப் பேசுவாள். "எப்பப்பா வருவே?" என்று கேட்பாள். பதில் வர இரண்டு விநாடி, சில சமயம் மூன்று விநாடி ஆகும். "வர்றேம்மா, பார்ப்போம்" என்பான். போனை வைத்ததும் அம்மா என்னிடம், "அவனுக்கு வர இஷ்டமில்லடா. கேட்டா யோசிக்கிறான்" என்பாள். அது அவன் யோசிப்பதல்ல, மொட்டை மாடியில் எடுத்த படங்கள் மேலே போய்க்கொண்டிருக்கின்றன என்றேன். "படத்துக்கும் அவன் பேசறதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றாள். நியாயமான கேள்விதான்.

சம்பந்தம் இருக்கிறது. யாரும் எதுவும் அனுப்பாதபோது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப 40 மில்லி விநாடி ஆயிற்று. படங்கள் ஏறும்போது அதே செய்திக்கு 3000 மில்லி விநாடியைத் தாண்டிற்று. மோடத்துக்குள் பஃபர் என்று ஒரு கிடங்கு உண்டு. கம்பி அனுப்பக்கூடியதைவிட அதிகமாக வருவதை அது வாங்கி அடுக்கிவைக்கும். கிடங்கு 256 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், 512 கிலோபிட் கம்பியில் அது காலியாக 4 விநாடி வேண்டும். அம்மாவின் குரல் அந்த அடுக்கின் கடைசியில் போய் நிற்கிறது. உள்ளே வருவதும் இதில் பாதிக்கப்படும். வந்து சேர்ந்ததற்கு அனுப்பவேண்டிய ஒப்புகைகளும் அதே வரிசையில்தான் நிற்கவேண்டும். இணைப்புக் கொடுத்தவர்களிடம் சொன்னபோது பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள். அவர்கள் தரக்கூடிய பெரிய பிளானிலும் வெளியே போகும் சந்து அதே அகலம்தான்.

கிடங்கைப் பெரிதாகக் கட்டியவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு பாக்கெட்டையும் இழக்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அனுப்புகிறவன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள, பொதுவாக, அவனுக்கு இருக்கும் அடையாளம் ஒன்றே ஒன்று: அனுப்பியதில் ஏதோ ஒன்று தொலைந்துபோகவேண்டும். தொலையாதவரை பாதை சரியாக இருக்கிறது என்று எண்ணி அவன் மேலும் மேலும் அனுப்புவான். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பக்கத்திலிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதை 40 பிட்டுக்கு விழுந்தது. வான் ஜேக்கப்ஸன் அதை ஆராய்ந்து 1988-ல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இழப்பைச் செய்தியாக வாசிக்கும் இந்தப் பழக்கம் பரவியது. அதற்கு முன்பே, 1985-ல், ஜான் நேகிள் ஒரு விசித்திரமான கேள்வியை எடுத்துக்கொண்டார். முடிவே இல்லாத கிடங்கு இருந்தால் என்ன ஆகும்? ஒன்றுமே தொலையாது என்றுதான் தோன்றும். அவர் கண்ட விடை நேர்மாறானது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் ஆயுள் உண்டு. வரிசை நீண்டுகொண்டே போனால் வாசலுக்கு வருவதற்குள் எல்லாமே ஆயுள் முடிந்துவிடும். எதையும் மறுக்காத கிடங்கு எதையும் சேர்ப்பிக்காத கிடங்கு.

இந்த எச்சரிக்கை மறக்கப்பட்டது. நினைவுச் சில்லுகள் மலிவாயின, கிடங்குகள் பெருத்தன. 2010-ல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டு இணைப்பு ஏன் இழுபடுகிறது என்று தோண்டப் போய் இந்த வியாதியைக் கண்டு, பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். பஃபருக்கு வந்த ஊதல் நோய் என்று தமிழில் சொல்லலாம்.

நான் வேலை பார்ப்பது வங்கிக் கவுண்ட்டரில். வரிசையைப் பற்றிப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் ஜன்தன் கணக்குள்ள பெண்களுக்கு 500 ரூபாய் வந்தபோது, எல்லோரும் ஒரே நாளில் வந்து குவியாமலிருக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள் பிரித்தார்கள். 0, 1 என்று முடிந்தால் ஏப்ரல் 3, 2, 3 என்றால் ஏப்ரல் 4, இப்படி ஏப்ரல் 9 வரை. பணமும் அதிகமாகவில்லை, கவுண்ட்டரும் அதிகமாகவில்லை. வாசலில் சுண்ணாம்பு வட்டத்தில் நிற்கும் நேரம் மட்டும் குறைந்தது. வருவதன் வேகத்தைக் கவுண்ட்டரின் வேகத்துக்குக் கட்டுவதற்குப் பெயர்தான் ஷேப்பிங். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கடைக்காரர் ஒருவர் நாற்பது சலான்களோடு நிற்பார். அவருக்குப் பின்னால் பாஸ்புக்கில் ஒரு வரி போட்டுக்கொள்ள வந்த கிழவி நிற்பாள். முறை தவறாத வரிசை அவளை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கும். கடைக்காரரிடம் ஒரு சலானை வாங்கிக்கொண்டு, கிழவியை அனுப்பிவிட்டு, மறுபடி அவரிடம் திரும்பினால் அவருக்கு நஷ்டம் ஒரு நிமிஷம்தான்.

ரௌட்டரில் செய்யவேண்டியதும் இவ்வளவுதான். முதல் காரியம், கம்பி தரக்கூடியதைவிடச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்வது. மோடத்தின் கிடங்கில் நமக்கு அதிகாரம் கிடையாது. அங்கே வரிசை சேரவே விடக்கூடாது. நம் ரௌட்டரின் வேகத்தை மோடத்தைவிடக் குறைத்துவிட்டால் வரிசை நம் வீட்டுக்கு வந்துவிடும். எவ்வளவு குறைப்பது என்பதில் டி.எஸ்.எல்.லுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பியில் எல்லாம் ஏ.டி.எம். என்ற முறைப்படி 53 பைட் கொண்ட செல்களாக வெட்டப்பட்டுப் போகின்றன. (பணம் எடுக்கும் பெட்டிக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மாத்திரமே.) அந்த 53-ல் 48-தான் சரக்கு. கடைசிச் செல் நிரம்பாவிட்டாலும் முழுச் செல்லுக்குக் கூலி உண்டு. 40 பைட் ஒப்புகை ஒன்று, மேலுறைகள் சேர்ந்து, 2 செல்லை, அதாவது 106 பைட்டைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லாவிட்டால், ரௌட்டர் தான் குறைவாக அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்க, மோடத்தில் வரிசை வளர்ந்துகொண்டிருக்கும். பழைய ரௌட்டர் ஒன்றில் ஓப்பன்-டபிள்யு-ஆர்-டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, கம்பியின் ரகம் ஏ.டி.எம்., மேலுறை 44 பைட் என்று கொடுத்து, வெளியே போவதை 480-க்கும் உள்ளே வருவதை 7000-க்கும் கட்டினேன். உள்ளே வந்து சேர்ந்துவிட்ட பாக்கெட்டைக் கைவிடுவது வீணாகத் தோன்றும். ஆனால் அந்த ஒன்று தொலைந்தால்தான் தூரத்தில் அனுப்புகிறவன் அடங்குவான்.

இரண்டாவது, மறுப்பது. 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்ஸனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பேர் என்பதை அது எண்ணுவதில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேல் போய், 100 மில்லி விநாடி வரையும் இறங்காமல் இருந்தால் ஒன்றைக் கைவிடும். திடீர்க் கூட்டத்தை மன்னிக்கும். கலையாத கூட்டத்தை மன்னிக்காது. எங்கள் கம்பியில் ஒரு முழு பாக்கெட் கடந்துபோகவே 26 மில்லி விநாடி ஆகும் என்பதால் அந்த 5-ஐ 40 ஆக்கவேண்டியிருந்தது. கிழவியை முன்னால் அனுப்பும் வேலையையும் சேர்த்துச் செய்யும் வடிவம் 2012-லேயே லினக்ஸில் சேர்ந்தது. இவற்றையெல்லாம் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுவர வருஷக்கணக்கில் வாதாடி உழைத்தவர்களில் முக்கியமானவர் டேவ் டாட். 2025-ல் அவர் மறைந்தபோது நம் பத்திரிகைகளில் செய்தி வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் 90-க்குள் நின்றது. மொத்த வேகத்தில் கொஞ்சம் குறைந்ததை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா மகள் வகுப்பில் கேள்விக்கு உடனே பதில் சொன்னாள். மனிதர்கள் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்த ஆய்வொன்று 2009-ல் வந்தது. சராசரி சுமார் 200 மில்லி விநாடி. அதை மிகவும் தாண்டினால் மனம் அதை வெறும் காலமாக எடுத்துக்கொள்வதில்லை. தயக்கமாக, மனத்தாங்கலாக எடுத்துக்கொள்கிறது. அம்மாவுக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு சரளமாக நடந்தது. மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம், அவன் சமைத்த ரசம். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கூடப் பேசினார்கள். கடைசியில் அம்மா கேட்டாள்: "எப்பப்பா வருவே?" இரண்டு விநாடி. நான் ரௌட்டரின் கணக்கைப் பார்த்தேன். வரிசையில் ஒன்றுமில்லை. "வர்றேம்மா, பார்ப்போம்" என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். படங்கள் ஏறுகின்றன என்று சொல்ல இந்தத் தடவை வழியில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டு நான் கேட்டதில்லை.

இதனால் என்ன நன்மை விளைந்தது என்று கேட்கலாம். கம்பியின் தாமதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எங்கள் மூவருக்கும் ஓர் இடம் இருந்தது, அது போயிற்று. நான் இதை நஷ்டக் கணக்கில் எழுதமாட்டேன். ஒரு மௌனம் பேசுகிறவனுடையதா, ஊடகத்தினுடையதா என்று தெரியாதவரை அதை வாசிக்கமுடியாது. கவிதையில் வரிக்கும் வரிக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அது கவிஞன் விட்டதா, அச்சுக்கோப்பில் நேர்ந்ததா என்று முதலில் விசாரிக்கிறவர்கள் குறைவு.

நம் வட்டத்துக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று. நண்பர் ஒருவர் ஒரு பத்திரிகைக்கு ஆறு கவிதைகள் அனுப்பினார். பதில் இல்லை. இல்லை என்பதால் பரிசீலனையில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதே பாணியில் மேலும் பன்னிரண்டு அனுப்பினார். பதினான்கு மாதம் கழித்து எல்லாம் ஒரே உறையில், ஒரு குறிப்பும் இல்லாமல் திரும்பி வந்தன. அதற்குள் அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். ஆசிரியர் நல்லவர்தான்; யாரையும் புண்படுத்தக்கூடாது என்று வைத்துக்கொண்டிருந்தார். முதல் மாதமே இரண்டைத் திருப்பியிருந்தால் நண்பர் வேறு மாதிரி எழுதியிருக்கலாம், சண்டைக்கு வந்திருக்கலாம். இரண்டுமே இலக்கியத்துக்கு நல்லது. தாட்சண்யம் என்று நாம் சொல்வதில் பாதி இந்தப் பெரிய கிடங்குதான். விமர்சனத்தில் கடுமை போதவில்லை என்று குறைப்படுகிறோம். எனக்கென்னவோ, கடுமையைவிட நேரத்தில் சொல்வதுதான் போதவில்லை என்று தோன்றுகிறது.

எங்கள் தெருவுக்கு இப்போது கண்ணாடி இழை வந்துவிட்டது. செம்புக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். சந்து அகலமானதும் வரிசை கண்ணில் படுவதில்லை. வியாதி போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அகலம் நிரம்பும் நாளில், அல்லது வீட்டுக்குள் வைஃபையின் மூலையில், அது மறுபடி தலைகாட்டும். பழைய ரௌட்டரை நான் கழற்றவில்லை. எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், வருவதைவிடச் சற்றுக் குறைவாக.