சேலத்தின் பொறுப்பில் ஒரு நீராவி ரயில்... பழைய இன்ஜினை ஓட வைக்கும் கைகள்!

சேலம் ஜங்ஷனில் நின்று பார்த்தால் மின்சார இன்ஜின்கள்தான் கண்ணில் படும். பக்கத்து நாமக்கல்லுக்கோ கரூர் பாதை வழியாக ரயில் வந்ததே 2013-ல்தான். ஆனால், 100 வயதைத் தாண்டிய ஒரு நீராவி ரயிலைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இந்தச் சமவெளி ஊரிடம்தான் இருக்கிறது.

2007 நவம்பர் 1-ம் தேதி சேலம் ரயில்வே கோட்டம் உருவானது. அப்போது நீலகிரி மலை ரயிலும் அதன் கணக்கில் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ஓடத் தொடங்கிய ரயில் இது. தூரம் சுமார் 46 கி.மீ, சுரங்கங்கள் 16, பாலங்கள் 250. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையும் கிடைத்தது.

நான்கு சிலிண்டர், கூடவே பல்சக்கரம்

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. சில இடங்களில் பன்னிரண்டரை அடி நகர்ந்தால் ஓர் அடி உயர வேண்டும். சாதாரண சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இன்ஜினில் மொத்தம் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் சாதாரண சக்கரத்தைச் சுழற்றுகின்றன. அங்கே வேலை முடித்த நீராவியே அடுத்த இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒரு துளி சக்தியும் வீணாகக் கூடாது என்ற சிக்கனம்!

மேலே ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. அதாவது, ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பாதை சரியாகத் தெரியாது. பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேன்கள்தான் அவருக்குக் கண். கொடி, விசில், கையால் சுழற்றும் பிரேக்... இத்தனை பேரும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் ரயில் நகரும். ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து இங்கே பயனில்லை.

உதிரி பாகம் எங்கே?

பழைய 'எக்ஸ்' ரக இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. அங்கே ஆர்டர் கொடுத்து பாகம் வாங்கும் காலமெல்லாம் மலையேறிவிட்டது! கை கொடுத்தது திருச்சி பொன்மலைப் பணிமனை. 2011-ல் இருந்து எண்ணெயில் ஓடும் இன்ஜின்களையும், 2021-ல் நிலக்கரியில் ஓடும் இன்ஜினையும் அங்கேயே புதிதாகச் செய்து அனுப்பினார்கள். பழைய இரும்பை அளந்து, அதே மாதிரி வார்த்து, பொருத்திப் பார்த்து... நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைத்தொழிலின் அருமை புரியும்.

ரயில்வேக்கு வெளியிலும் இந்த இன்ஜினுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஊட்டியில் உள்ள 'ஹெரிட்டேஜ் ஸ்டீம் சாரியட் டிரஸ்ட்' போன்ற ஆர்வலர் அமைப்புகள் நீராவிக்காகக் குரல் கொடுத்து வருகின்றன.

சம்பளம் இல்லை, சந்தோஷம் உண்டு

ஆர்வலர்கள் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு சுவிட்சர்லாந்தே சாட்சி. அங்கே ஃபுர்கா மலைக்கு அடியில் 1982-ல் புதிய சுரங்கம் திறந்ததும், பழைய மலைப்பாதை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே ஆர்வலர்கள் சங்கம் தொடங்கினார்கள். 1990-ல் வியட்நாமின் தலாத் மலைப் பாதையில் துருப்பிடித்துக் கிடந்த வின்டர்தூர் இன்ஜின்களை மீட்டு, கப்பலேற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நம் நீலகிரி இன்ஜின்களுக்கு அவை பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்! தன்னார்வலர்களின் உழைப்பில் 2010-ல் முழுப் பாதையும் மீண்டும் திறந்தது.

விமானத்துக்கும் இதே கதிதான். பழைய டகோட்டா ஒன்று இங்கிலாந்தில் புதுப்பிக்கப்பட்டு, 2018-ல் பறந்தே இந்தியா வந்து, 'பரசுராமா' என்ற பெயரில் விமானப் படையில் சேர்ந்தது. அருங்காட்சியகத்தில் நிற்கும் இயந்திரத்துக்குத் தூசி தட்ட ஓர் ஆள் போதும். ஓடும், பறக்கும் இயந்திரத்துக்கு ஒரு கூட்டமே வேண்டும். எந்த வால்வு எப்போது முனகும் என்பதைப் புத்தகம் மட்டும் சொல்லித் தராது. மூத்தவரின் பக்கத்தில் நின்று இளையவர் காதால் கேட்டுப் பழக வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு தலைமுறை விட்டுப்போனால், இன்ஜின் இருக்கும். ஓட்டத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

போக நினைப்பவர்களுக்கு...

சென்னையில் இருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டி சேலத்தில் நிற்கும். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கினால் மலை ரயிலைப் பிடிக்கலாம். குன்னூர் வரை நீராவி, அதன் பிறகு டீசல். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் ரயில் ரத்தாவது உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் ரயில் நிற்கும்போது, செல்ஃபி எடுத்த கையோடு அந்த பிரேக்ஸ்மேன்களிடமும் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். குழந்தைகள் கூட இருந்தால் இன்னும் நல்லது!