பத்து மணி முறுக்கு

எங்கள் விடுதியில் இரவுச் சாப்பாட்டு மணி ஏழரைக்கு அடிக்கும். மெலிய வேண்டுமென்று சென்ற ஆண்டு நாங்கள் மூவர் அந்தச் சாப்பாட்டையே விட்டோம். விளக்கணைந்ததும் வயிறு சும்மா இருக்குமா? பத்து மணிக்கு டிரங்குப் பெட்டியைத் திறந்து வீட்டு முறுக்கைத் தின்போம். (சத்தமின்றி முறுக்குத் தின்பது தனிக் கலை!) மாத முடிவில் மூவருக்கும் எடை கூடியிருந்தது. ஒருத்தி காலை வணக்கத்தில் மயங்கியும் விழுந்தாள்.

உயிரியல் சகோதரி கடிந்துகொள்ளவில்லை. 2022இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். பருமனான 16 பேருக்கு அதே உணவை நான்கு மணி நேரம் தாமதித்துக் கொடுத்தபோது பசி கூடிற்றாம். உடல் செலவழிக்கும் கலோரியும் குறைந்ததாம்.

"நேரம் இருக்கட்டும், எத்தனை முறுக்கு?" என்றார்.

நாங்கள் எண்ணவேயில்லை.

"வளரும் பிள்ளைகளுக்கு மெலிய என்னம்மா அவசரம்?"

இப்போது ஏழரைக்குத் தட்டுடன் முதலில் நிற்பது நாங்கள்தான். முறுக்கு, மாலை நாலு மணிக்கு.