கெட்டில் தீவுப் பாலமும் லாரித்தடமும்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவையும் எதிர்க்கரையிலுள்ள கட்டினோ நகரையும் இணைக்கக் கெட்டில் தீவின் வழியாக ஆறாவது சாலைப் பாலம் கட்டும் யோசனையை, மேனர் பார்க் முதலான குடியிருப்புகளின் மக்கள் பல்லாண்டுகளாக எதிர்த்துவருவதைத் தன்னலம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது சரியன்று. பாலத்தோடு வருவது லாரித்தடம், அதாவது கனரகச் சரக்கு வாகனங்கள் செல்லவென மாநகராட்சி குறித்துவைக்கும் சாலை. அது மோன்ஃபோர் மருத்துவமனையை ஒட்டிச் சென்று நெடுஞ்சாலையில் சேரும் என்பதால், டீசல் புகையும் இரவு இரைச்சலும் பற்றிய அச்சம் வெறும் கற்பனை ஆகாது. எனினும், 1965இல் திறக்கப்பட்ட மக்டொனால்டு-கார்ட்டியே பாலத்திலிருந்து இறங்கும் லாரிகள் கிங் எட்வர்டு சாலை வழியே நகரின் நடுப்பகுதியை ஊடுருவிச் செல்வதையும், அங்கும் வீடுகள் இருப்பதையும் (இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது) கணக்கில் கொண்டாக வேண்டும். ஒன்டாரியோ மாகாண அரசு 2013இல் ஆதரவை விலக்கிக்கொண்டதால் முடங்கிய யோசனை, பின்னர் மீண்டும் பேச்சுக்கு வந்துள்ளது. லாரிகளை மருத்துவமனைக்கும் வீடுகளுக்கும் அப்பால் திருப்பும் வழி காட்டப்படாதவரை, கெட்டில் தீவுத் தடம் ஏற்கத்தக்கதன்று.