கல்லை முழுங்கும் மண்

பானேரில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். புதிதாகத் தரைத்தள வீடு வாங்கியிருக்கிறார். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் காலி இடம். "வெள்ளைக் கூழாங்கல் பரப்பி நடுவுல நாலு செடி வச்சா சூப்பரா இருக்குங்க. புல்லுன்னா தண்ணி ஊத்தணும், வெட்டணும். கல்லுன்னா போட்டோம், மறந்தோம். என்ன சொல்றீங்க?" என்றார். அரை மணி நேரம் சொன்னேன். இதே கேள்வியை இங்கே இன்னும் மூன்று தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்டாயிற்று. எழுதிவைத்துவிட்டால் தொண்டை மிச்சமாகுமே என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

"போட்டோம், மறந்தோம்" என்பது துபாய் மாதிரி மழையில்லாத ஊருக்குச் சரி. புனேக்குச் சரிப்படாது. இங்கே வருடத்துக்குச் சராசரியாக 700 முதல் 750 மி.மீ. மழை. சென்னையில் பெய்வதில் பாதிதான். ஆனால் பெய்கிற விதம் இருக்கிறதே! ஜூலையில் பத்து நாள் வெயிலே காணாமல் பிசுபிசுவென்று தூறிக்கொண்டே இருக்கும். துவைத்த துணி காயாது, சுவரெல்லாம் பாசி. செப்டம்பர், அக்டோபரில் அதற்கு நேரெதிர். மத்தியானம் வரை சுள்ளென்று வெயில், சாயங்காலம் இடியோடு கொட்டித் தீர்க்கும். 2010 அக்டோபர் 4-ம் தேதி எங்கள் பாஷாண் பகுதியில் ஒன்றரை மணி நேரத்தில் 180 மி.மீ.க்கு மேல் பெய்தது. வருடத்து மழையில் கால்வாசி, ஒரு சினிமா பார்க்கிற நேரத்துக்குள்!

பாஷாண் என்றதும் ஒரு கொசுவத்தி. மராத்தியில் பாஷாண் என்றால் கல். நமக்குப் பாஷாணம் என்றால் விஷம். வீடு வாங்கியதும் கோவில்பட்டிக்குப் போன் போட்டுச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏய்யா, வெசம்னு பேரு வச்ச ஊர்லயா வீடு வாங்கின?" என்பதுதான்.

அந்த அம்மா 2025 ஜனவரியில் எங்களோடேயே இருப்பதற்கு வந்துவிட்டாள். வயது 76. ஊரில் தனியாக விட்டுவைக்க எங்களுக்கு மனசில்லை, ஊரை விட்டு வர அவளுக்கு மனசில்லை. கடைசியில் இரண்டு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். வாசலில் தினமும் கோலம் போட இடம் வேண்டும். காலையில் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் நடக்க வேண்டும், லிஃப்டில் இறங்கிப் பார்க்குக்குப் போகிற நடையெல்லாம் ஆகாது. "இல்லைன்னா என்னை நாகர்கோவில் வண்டில ஏத்தி விட்ரு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எங்கள் சொசைட்டி. சரிவில் கட்டிய பதினான்கு ரோ ஹவுஸ். மேலே பெய்வதெல்லாம் கடைசி வீட்டுக்குத்தான் இறங்கும். அங்கே ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். 2024 ஜூலை 25-ம் தேதி சிங்கட் ரோடு பக்கம் ஏக்தா நகரியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே நாளில் கர்னல் வீட்டு ஹாலிலும் கணுக்கால் அளவு தண்ணீர். அதற்குப் பிறகு கூடிய மீட்டிங்கில், எல்லா வீட்டு சைடு இடத்திலும் கான்கிரீட் போட்டு மேலே பேவர் பிளாக் பதித்துவிடலாம், தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும் என்று பேச்சு வந்தது. ஓடிவிடும், சரி. எங்கே ஓடும்? கர்னல் வீட்டுக்கு. அப்புறம் ராம் நதிக்கு. 2019 செப்டம்பர் 25 ராத்திரி காத்ரஜ் பக்கத்து மழை அம்பில் ஓடையில் இறங்கி அரண்யேஷ்வர், சகக்கார்நகர் பகுதிகளைப் புரட்டிப்போட்டதே, இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்களே, அந்தத் தண்ணீரும் இப்படி ஆயிரம் முற்றங்களில் நிற்க இடமில்லாமல் ஓடிவந்ததுதான். அவரவர் வாசல் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்தால் கீழே இருப்பவன் கதி அதோகதி.

அதனால் என் பங்குக்குக் கான்கிரீட் வேண்டாம், கல் பரப்பலாம் என்று முடிவு செய்தேன். தங்கமணிக்கும் சம்மதம், ஆனால் வெள்ளைக் கல்தான் வேண்டுமாம். பு.ல. தேஷ்பாண்டே பார்க்கில் எடுத்த போட்டோக்களைக் காட்டி ஜப்பான் மாதிரி வேண்டும் என்றாள். (ஒகாயாமாவில் இருக்கும் கொராகுவென் தோட்டத்தைப் பார்த்து அமைத்த பார்க் அது. நன்றாகப் பார்த்தால் அங்கே புல்லும் தண்ணீரும்தான் அதிகம். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.)

மாலி காகா மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தபோது அம்மா ஒரு பிடி எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். "இது நம்ம கரிசல்லய்யா!" என்று அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். புனேக்கு வந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. அப்புறம் சொன்னாள்: "கரிசல்ல சும்மா கல்லக் கொட்டினா ரெண்டு மழைக்கு முழுங்கிரும். நம்ம வண்டிப் பாதையில எத்தனை லோடு சரள் அடிச்சாங்க, எங்க போச்சு?"

காகாவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டி, "ஆஜி பரோபர் சாங்தாத்" என்றார். பாட்டி சொல்வது சரிதானாம். அதற்கப்புறம் அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. இவள் தமிழில் சொல்வாள், அவர் மராத்தியில் சொல்வார், வேலை நடக்கும்.

விஷயம் என்னவென்றால், இந்தப் பக்கம் காலடியில் இருப்பது கறுப்பு எரிமலைப் பாறை. ஜங்லி மகாராஜ் ரோட்டில் பாதாளேஷ்வர் குகைக் கோவிலுக்குப் போனால் அந்தப் பாறைக்குள்ளேயே இறங்கி நிற்கலாம். அது உதிர்ந்து உதிர்ந்து ஆனதுதான் மேலே உள்ள கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். நன்றாக நனைந்துவிட்டால் தண்ணீரைக் கீழே விடவே விடாது. அதன்மேல் கல்லைப் பரப்பினால் மழையில் கல் கீழே இறங்கும், சேறு மேலே வரும். ஆனால் கரிசலுக்கும் பாறைக்கும் நடுவே முரும் என்று ஒரு அடுக்கு இருக்கிறது. நம்மூர்ச் சரள்தான். அது தண்ணீர் விடும். எங்கள் இடத்தில் ஒன்றரை அடி தோண்டியதும் முரும் வந்தது.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள் இல்லையா, அப்போது எங்கள் ஊர் வீட்டிலும் குழி தோண்டிக் கல்லும் ஜல்லியும் நிரப்பினார்கள். அம்மா பக்கத்தில் நின்று வேலை வாங்கியவள். அதையே இங்கேயும் நீளவாக்கில் செய்யச் சொன்னாள். அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி, காம்பவுண்டு ஓரமாக, 15 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். மாடித் தண்ணீர்க் குழாயை அதற்குள் விட்டாயிற்று. மற்ற இடத்தில் கரிசலை நாலு அங்குலம் வழித்தெடுத்து, முரும் போட்டுத் திமிசு அடித்து, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் என்கிற கம்பளி மாதிரியான துணி, அதற்குமேல் இரண்டு அங்குலம் கல். ஓரத்தில் செங்கல்லை நிறுத்திவைத்து வரப்பு. வரப்பு இல்லாவிட்டால் முதல் பெருமழைக்கே கல் ரோட்டுக்குப் போய்விடும். துணிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் விரித்துவிடாதீர்கள், ப்ளீஸ். கல் போட்டு அடியில் பிளாஸ்டிக் என்றால் கான்கிரீட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. தண்ணீர் நின்று கொசுதான் மிச்சம்.

என்ன கல்? இங்கே உடைத்த ஜல்லிக்குக் 'கடி' என்று பெயர். (கடி ஜோக் எதுவும் சொல்லப்போவதில்லை, பயப்படாதீர்கள்.) வாகோலி, மோஷி பக்கம் குவாரிகளில் உடைத்து வரும் கறுங்கல். முக்கால் ஜல்லி அளவு கேட்டு வாங்கினேன். அளவை 'பிராஸ்' என்கிறார்கள். ஒரு பிராஸ் என்றால் 100 கன அடி, நம்மூரில் ஒரு யூனிட். 20 அடிக்கு 10 அடி இடத்தில் இரண்டு அங்குலம் பரப்ப 33 கன அடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு பிராஸ் போதும். எடை ஒன்றரை டன் வரும். மேலே கொஞ்சம் கூடவே வாங்கிக்கொள்ளலாம், வருடா வருடம் கொஞ்சம் அமுங்கும். போடுவதற்கு முன்னால் கண்டிப்பாகக் கழுவ வேண்டும். குவாரித் தூசியோடு அப்படியே போட்டால் அந்த மாவு இறங்கித் துணியின் கண்ணை அடைத்துவிடும்.

உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகு. ஆனால் காலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும். உடைத்த கல் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். தவிர, கடைக்காரரிடம் இது எந்த ஆற்றுக் கல் என்று கேட்டேன், பதில் இல்லை. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சின்னக் குவாரி என்றாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. ஊர் பேர் தெரியாத ஆற்றுக் கல்லை வாசலில் கொட்டிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

வெள்ளைக் கல் விவகாரத்தைப் பக்கத்துத் தெரு வீடு ஒன்று தீர்த்துவைத்தது. மே மாதம் பளபளவென்று இருந்த கல் ஆகஸ்டில் பச்சை. அந்த வெள்ளை பெரும்பாலும் பளிங்கு உடைசல், சுண்ணாம்புச் சத்துதான். மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணில் இறங்கும். கரிசல் ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண். இதுவும் சேர்ந்தால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. அந்த வீட்டு இட்லிப்பூச் செடியில் நரம்பு மட்டும் பச்சை, இலையெல்லாம் மஞ்சள். தங்கமணி அதைப் பார்த்துவிட்டு வந்தபிறகு ஜப்பான் பேச்சு நின்றது.

களையே வராது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். துணி கீழேயிருந்து வருவதைத்தான் தடுக்கும். விதை மேலேயிருந்து வரும். அதுவும் இது பார்த்தீனியம் ஊர். இந்தியாவில் அந்த விஷப்பூண்டு பரவுவதை 1950-களின் நடுவில் முதலில் கவனித்ததே புனேயில்தான். (அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று பெரியவர்கள் சத்தியம் செய்வார்கள். அந்தக் கோதுமை ஒப்பந்தமே 1956-ல்தான் கையெழுத்தானது. யார் கேட்கிறார்கள்!) குல்மொஹர், தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில் கல் போடவே வேண்டாம். அந்தப் பொடி இலையைப் பெருக்கவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. மக்கி மண்ணாகி இரண்டு வருடத்தில் கல்லுக்குமேல் காடு முளைக்கும்.

இவ்வளவும் சரி, அம்மா எங்கே நடப்பாள்? கையில் தடி வைத்திருப்பவருக்குச் சரளைக்கல் எமன். தடி புதையும், கால் வழுக்கும். இதில் நான் யாரோடும் பேரம் பேசவில்லை. வாசலிலிருந்து துளசி வரைக்கும், அங்கிருந்து பின்பக்கம் சுற்றியும் மூன்றடி அகலத்தில் ஷாஹாபாத் பலகைக்கல் பாவினோம். கர்நாடகத்திலிருந்து வருவது, நம்ம கடப்பா கல்லுக்குத் தம்பி. மெருகு போடாத சொரசொரப்பான பக்கம் மேலே. பலகைகளுக்கு நடுவே அரை அங்குலம் இடைவெளி, அதில் பொடிக் கல். வாசலில் நாலடிக்கு நாலடி ஒரே மட்டமாகக் கோலத்துக்கு. சிமெண்ட் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது மே 26-ம் தேதியே பருவமழை புனேக்கு வந்து இறங்கியது. வழக்கமாக ஜூன் 10-ஐ ஒட்டி வருவது. அரைகுறையாகத் தோண்டிப் போட்ட குழி ஒரு ராத்திரியில் நிரம்பி, காலையில் பார்த்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. காகா குழிக்குள் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தார்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 200 சதுர அடியில் 180 மி.மீ. கொட்டினால் ஏறக்குறைய 3300 லிட்டர். இரண்டு அங்குலக் கல்லின் இடுக்கில் 375 லிட்டர் போல நிற்கும். கல் நிரப்பிய குழியில் 850 போல. மிச்சம் வெளியேதான் போகும். மாடித் தண்ணீர் தனி. ஆகவே 2010 மாதிரி மழை வந்தால் என் வீட்டுக் கல் கர்னல் வீட்டைக் காப்பாற்றாது. ஜூலைத் தூறல் மட்டும் போன வருடம் ஒரு சொட்டுகூட என் கேட்டைத் தாண்டவில்லை. பதினான்கு வீட்டில் இன்னும் இரண்டு பேர் கல்லுக்கு மாறியிருக்கிறார்கள், ஐந்து பேர் பேவர் பிளாக் போட்டுவிட்டார்கள், மற்றவர்கள் அடுத்த மீட்டிங் வரட்டும் என்கிறார்கள். செகரட்டரிக்கு பேவர் பிளாக்தான் இஷ்டம்.

ஏப்ரலில் ஒரு தொந்தரவு உண்டு. 40 டிகிரி வெயிலில் கறுங்கல் தோசைக்கல்லாகிவிடும், ராத்திரி எட்டு மணி வரை அனல் அடிக்கும். மேற்குப் பக்கம் மட்டும் கல்லைக் குறைத்து, ஒரு முருங்கையும் கொஞ்சம் செடியும் வைத்திருக்கிறோம். நிழல் வர இன்னும் ஒரு வருடமாகும். அம்மா வெயில் ஏறுமுன் ஆறரைக்குள் நடையை முடித்துவிடுகிறாள்.

மிச்சக் கல் கேட்டுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. போன ஞாயிறு கர்னல் ஒரு இரும்புச் சட்டியோடு வந்து, அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் விழுகிற இடத்துக்கு நாலு சட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "கழுவிட்டுப் போடச் சொல்லுய்யா அவரை."